விழப்போகும் பல்தானே?

ஆசிரியர் அவர்கட்கு,

மூன்று வயது நிறையுமுன்னரே எனது பேத்தியின் மேல் முன்பற்கள் நான்கும் சூத்தையாகிவிட்டன. விழப்போகும் பாற்பல்தானே என்று உறவினர் ஆறுதல் கூறினாலும், கடைவாய்ப் பாற்பற்கள் 10 தொடக்கம் 12 வயது வரை இருக்க வேண்டியவை என்பதையும், அவற்றை முந்தியே இழந்தால் பின்வரும் பற்கள் இடமின்றிக் கோணலாக முளைக்கக்கூடும் என்பதையும் பலர் அறிவதில்லை.

ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூற்றன்ஸ் போன்ற பற்றீரியாக்கள் சீனியை அமிலமாக்க, அவ்வமிலம் பல்லின் மிளிரியை (எனாமல் எனும் கடினமான மேற்படையை) கரைக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரப்பதால், சீனி கலந்த பால்போத்தலை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்கவைப்பது பெருங்கேடாகும். பனங்கற்கண்டு என்றால் தீங்கில்லை என்று எங்களூரில் சொல்வார்கள் (நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்). அதிலும் பெரும்பகுதி, சீனியில் உள்ள அதே சுக்குரோசே. பெரியவர்கள் சுவைபார்த்த கரண்டியாலேயே ஊட்டும்போது இப்பற்றீரியாக்கள் குழந்தைக்கும் தொற்றுகின்றன.

ஆகவே, குழந்தைகளின் நிறை பார்க்கும் கிளினிக்குகளிலேயே, முதற்பல் முளைத்த நாள் முதல் ஓர் அரிசியளவு புளோரைட் பற்பசையால் இருவேளை துலக்கிவிடும் முறையைத் தாய்மாருக்குச் செய்துகாட்ட, சுகாதாரப் பகுதியினர் ஒழுங்கு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓர் அம்மம்மா,
கொக்குவில்.