பல்லாவரத்துக் கல்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து மறுபடி வயலுக்குப் போய்வருகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாயே, "குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா, குரங்கு ஏன் இன்னும் இருக்கு?" என்று. கிண்டியில் பல்கலைக்கழக வளாகத்தில் பரிணாமம் பற்றியும் உயிரின் தோற்றம் பற்றியும் பொதுமக்களுக்குச் சொற்பொழிவு நடக்கிறது. மூன்று சனிக்கிழமையாகப் போய்வருகிறேன். முதல் நாளே ஒரு அம்மா இதே கேள்வியைக் கேட்டார். "குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி" என்றார் பேராசிரியை. சிம்பன்சியின் வழியும் நம் வழியும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நாம் இருக்கிறோம் என்பதற்காகச் சித்தப்பா பிள்ளைகள் இல்லாமல் போவார்களா? பேத்தியிடம் அப்படியே சொல்.

இரண்டாவது வாரம்தான் எனக்குத் தூக்கமே வரவில்லை. உயிர் எப்படித் தொடங்கியிருக்கும் என்பது அன்றைய பேச்சு. ஹால்டேன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1929-இல் ஆதிக்கடலை 'சூடான, நீர்த்த சூப்' என்று எழுதினாராம். பேராசிரியை அதை 'ரசம்' என்று சொன்னதும் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடிவந்து, குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் இறந்தவர். எனக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரியும்.

அப்புறம் ஸ்டான்லி மில்லர். சிகாகோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர், ஆதிக்காலத்துக் காற்று இப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக் கண்ணாடிக் குடுவைகளில் நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றை அடைத்து மின்பொறி பாய்ச்சினார். ஒரே நாளில் தண்ணீர் இளஞ்சிவப்பானது, ஒரு வாரத்தில் அடர்சிவப்பு. அதில் புரதங்களுக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் இருந்தன. 1953-இல் முடிவை வெளியிட்டார். அவர் மூடி வைத்திருந்த பழைய குப்பிகளை, 2007-இல் அவர் இறந்த பிறகு அவருடைய மாணவர் எடுத்துப் புதுக் கருவிகளால் சோதித்தார். ஒரு தொகுதியில் மட்டும் 22 அமினோ அமிலங்கள்! அரை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் பார்க்காமல் கிடந்த குப்பிகள், சேகர்.

ஆனால் பேராசிரியை எதையும் மிகைப்படுத்தவில்லை. ஆதிக்காலத்துக் காற்றில் அந்த வாயுக்கள் அவ்வளவு இருந்திருக்காது என்று இன்று பலரும் கருதுவதைச் சொன்னார். அமினோ அமிலம் உயிர் ஆகிவிடாது, தன்னைத்தானே படியெடுக்கும் மூலக்கூறு முதலில் எப்படி வந்தது என்பது "இன்னும் எங்களுக்குத் தெரியாது" என்று மைக்கிலேயே சொன்னார். நம் பள்ளியில் இந்தப் பாடத்தை 'நீங்களே படிச்சுக்குங்க' என்று தாண்டிவிட்டார்கள், நினைவிருக்கிறதா? இத்தனை வயதுக்கு மேல், தமிழிலேயே, இவ்வளவு நேர்மையாகக் கேட்கக் கிடைத்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வி நேரத்தில் எழுந்து நம் பல்லாவரம் மலையைப் பற்றிக் கேட்டேன். விமானம் இறங்குவதை உட்கார்ந்து பார்ப்போமே, அந்தப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்! பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் உருவானதால் அதில் புதைபடிவம் எதுவும் கிடைக்காது. ஆனால் அது உருவானபோதே கடலில் நுண்ணுயிர்கள் தோன்றிக் கிட்டத்தட்ட நூறு கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். டார்வின் நூல் வெளிவந்து நான்கே ஆண்டில், 1863-இல், புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் அதே பல்லாவரத்தில்தான்.

மறுநாள் காலையே போய்விட்டேன். மலையைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. நாம் உட்கார்ந்த இடம் எது என்று அடையாளம் தெரியவில்லை, ஆனாலும் ஒரு மணி நேரம் இருந்தேன்.

அடிவாரத்தில் கிடந்த ஒரு சில்லைப் பேத்திக்காக இதோடு பார்சலில் வைத்திருக்கிறேன். தண்ணீரில் நனைத்து வெயிலில் காட்டச் சொல், லேசாக நீலம் தெரியும். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்