எண்ணெயோடு உப்பையும் கவனிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாதம் என்றதும் எண்ணெயைப் பழிக்கும் நாம், அதன் முதன்மைக் காரணமான உயர் ரத்த அழுத்தத்தையும், அதை ஏற்றிவிடும் ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பையும் மறந்துவிடுகிறோம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொழுப்பு எல்லாமும் ஒன்றல்ல. கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும் டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெயிலும் வனஸ்பதியிலும் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்ற விதி 2022 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால், காலையில் ஊற்றிய எண்ணெயையே இரவு வரை காய்ச்சும் எங்கள் தெருமுனை பஜ்ஜிக் கடையில் (நானும் அங்கே வாடிக்கையாளர்தான்) சோதனை எதையும் நான் கண்டதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் பணியாளர்கள், அவ்வீட்டின் மாதாந்திர உப்பு, எண்ணெய்க் கணக்கையும் கேட்டுப் பதிவுசெய்ய அரசு ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை