நாவல்பழ நிறத்தில் ஒரு வானம்

அன்புள்ள கயல்,

ஓரம் மடிப்பதைத் தவிர உன் பாவாடை முடிந்துவிட்டது. மார்கழித் திருவாதிரைக்கு விண்வெளியைப் போல ஓர் உடை வேண்டும், நிறையச் சமிக்கி வைத்துத் தைத்து அனுப்பு என்று கேட்டிருந்தாய். நிறைய வைக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மேலே படி.

கடைவீதியில் ‘கேலக்ஸி’ பிரிண்ட் என்று ஒரு துணி வந்திருக்கிறது. ஊதாவும் ரோஜா நிறமும் வழிந்தோட, மேலே வெள்ளைப் புள்ளிகளை வாரி இறைத்திருக்கிறார்கள். இதில் எது திருவாதிரை என்று கடைப் பையனிடம் கேட்டேன். அவன் துணியை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். உன் நட்சத்திரம் அர்ச்சனைச் சீட்டில் மட்டும் இருந்தால் போதுமா? பாவாடையிலும் அதனதன் இடத்தில் எல்லாம் இருக்கட்டும் என்று தீர்மானித்தேன்.

கறுப்பு என்றதும் அப்பத்தா, ‘நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பா?’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நாவல்பழ நிற ரா சில்க். வெல்வெட்டில் மணிகள் மயிருக்குள் புதைந்துவிடும்; தவிர, மார்கழியில் உங்கள் மெல்பர்னில் கோடை. உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுத்திருக்கிறேன்.

முன்பக்கம் முழுவதும் ஓரியன், உன் திருவாதிரை இருக்கும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டம். டிரேசிங் பேப்பரில் நட்சத்திரங்களைக் குறித்து, ஊசியால் துளையிட்டு, வெள்ளைப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தேன். தாளை எடுத்தால் துணியில் வானம் புள்ளி புள்ளியாக இறங்கியிருந்தது. பிறகு சட்டத்தில் இழுத்துக் கட்டி ஆரி ஊசியால் வேலை. வெளிச்சத்துக்கு ஏற்ற அளவில் மணிகள். திருவாதிரைக்குச் செம்பு நிறம். அதற்கு எதிர் மூலையில் இருக்கும் ரைகல் என்ற விண்மீனுக்கு வெளிர்நீலக் கண்ணாடி. சிவப்பாகத் தெரிவதுதான் சூடு குறைந்த விண்மீன், வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின். நீலம் 12,000ஐ ஒட்டியது. நம் வீட்டு அடுப்பிலும் நீலச் சுடர்தானே நன்றாக எரிகிறது என்று அர்த்தம்!

அந்த வேட்டைக்காரனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்த்தால் ஒரே கோடு என்று தோன்றும். நூல் பிடித்துப் பார், மிண்டாக்கா மட்டும் மயிரிழை விலகி நிற்கும், மற்ற இரண்டையும்விட மங்கல் வேறு. தையல்காரியின் கைக்கு அதை நேராக்கிவிடத்தான் தோன்றும். ‘இதை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?’ என்று அப்பா கேட்டார். 1969இல் நிலவில் நடந்தவர்கள் போட்டிருந்த உடையைத் தைத்தவர்கள், அமெரிக்காவின் டோவர் நகரில் பெண்களின் உள்ளாடை தைத்துப் பழகிய கைகள்தான். அங்கே தையல் கோடு அங்குலத்தில் 32இல் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. ஒரு குண்டூசி உள்ளே தங்கிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். பாவாடையில் யாருக்கும் உயிர் போகாது என்றார் அப்பா. உண்மைதான். ஆனாலும் மிண்டாக்கா விலகித்தான் நிற்கிறது.

மூன்று மீன்களுக்குப் பக்கத்தில் புகை படிந்ததுபோல ஓர் இடம் தெரியும். அது கறை என்று நினைத்துத் தேய்த்துவிடாதே. அதுதான் ஓரியன் நெபுலா, புதிய விண்மீன்கள் பிறக்கும் இடம். ரோஜா நிற ஆர்கன்சாத் துண்டின் ஓரத்தைப் பிசிர் விட்டு, ஒற்றை இழைப் பட்டுநூலால் பிடித்திருக்கிறேன். சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். ராஜசிம்மப் பல்லவன் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய காலத்தை ஒட்டி அங்கிருந்து கிளம்பிய ஒளியை நாம் இப்போது பார்க்கிறோம்.

இனி, நீ பிரித்ததும் சொல்லப்போகும் குறை. படம் தலைகீழாக இருக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படித் தைத்தேன். இங்கே தெற்குப் பார்த்து அண்ணாந்தால் திருவாதிரை மேலே, ரைகல் கீழே. உங்கள் ஊரில் வடக்குப் பார்க்க வேண்டும், ரைகல் மேலே போய்விடும். உன் எதிரில் நிற்பவர்களுக்கு அவர்கள் ஊர் வானம் தெரியட்டும். நீ குனிந்து பார்த்தால் நம் மொட்டைமாடியில் பார்த்த வானம் அப்படியே தெரியும். அப்போது உன் வலப்பக்கம் ரோகிணி, அதைத் தாண்டிக் கார்த்திகையின் ஆறு மீன்கள், இடப்பக்கம் சிரியஸ். மிச்ச இடமெல்லாம் வெறும் துணி. வெறுமையாக இருக்கிறதே என்று யாராவது கல் ஒட்ட வந்தால் விடாதே.

குடைப் பாவாடை என்பதால் ஒரு சங்கடம் உண்டு. நடுவில் துணி நேர் இழையில் விழும், பக்கங்களில் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, விழுந்து தொங்கத் தொங்க நீளும். ஓரியன் நேர் இழையில் இருப்பதால் கவலையில்லை. கார்த்திகை கிராஸில் வருகிறது. அதனால் பாவாடையைச் சில நாள் கொக்கியில் தொங்கவிட்டு, இறங்குகிற அளவு இறங்கிய பிறகே அந்த ஆறையும் கையால் வைத்தேன். இல்லாவிட்டால் நீ நடக்க நடக்க அவை முழங்காலை விட்டுக் கீழே போயிருக்கும்.

துவைக்கும் இயந்திரத்தில் போட்டுவிடாதே. உள்பக்கம் திருப்பி, மேலே ஒரு துணி விரித்து இஸ்திரி போடு. இடுப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டிருக்கிறேன், பிரித்துக்கொள்ளலாம். மணிகள் உதிர்ந்தால் மாற்றுவதற்குக் கொஞ்சம் பொட்டலத்தில் இருக்கும். செம்பு நிறம் மட்டும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, பத்திரம்.

அன்று போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்து தரை வரை முன்னும் பின்னும் அளந்து அனுப்பு. டேப்பை நீயே பிடிக்காதே, குனிந்தால் அளவு மாறும். கூட இருக்கும் யாரையாவது பிடிக்கச் சொல். இந்த வாரத்துக்குள் வந்தால் மார்கழித் திருவாதிரைக்கு முன் உன் கையில் இருக்கும்.

அன்புடன்,
அம்மா