முட்டைக்கலத்துக்கு ஒரு பாடவேளை தாருங்கள்

யாழ்ப்பாணத்து உயர்தர உயிரியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பாடசாலையிலும் ரியூசன் வகுப்பிலும் கலப்பிரிவு படிப்பிக்கும்போது நீங்கள் வரையும் படம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். இரண்டு முனைகளிலும் கதிர்நார்கள் கிளம்பும் இடமான புன்மையங்கள் (சென்ரியோல்கள்), நடுவில் வரிசையாக மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), அவற்றைப் பிடித்திழுக்கும் கதிர்நார்கள். விலங்கின் உடற்கலத்துக்கு அந்தப் படம் சரி. ஆனால் மனித முட்டைக்கலத்தில் புன்மையமே கிடையாது. சூலகத்தில் வளரும் காலத்திலேயே அது இல்லாமற்போய்விடுகிறது. முட்டையும் விந்தும் உருவாகும் ஒடுக்கற்பிரிவைப் படிப்பிக்கும்போது இதையும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புன்மையம் இல்லாமல் கதிர்நார் வருமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குச் சாட்சி உங்கள் ஆய்வுகூடத்திலேயே இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயம் ஒன்றைத் தண்ணீரில் வேர்விட வைத்து, வேர்நுனியை வெட்டி, அசற்றோகாமைன் சாயம் இட்டு நசுக்கிப் பார்க்கிறோமே, அந்தக் கலங்களிலும் புன்மையம் இல்லை. ஆனாலும் நிறமூர்த்தங்கள் ஒழுங்காக இரண்டு பக்கமும் பிரிந்து போவதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே காண்கிறார்கள்.

முட்டைக்கலத்தில் இந்த வேலையைத் தொடக்கிவைப்பவை நிறமூர்த்தங்களே. அவற்றில் ஒட்டியிருக்கும் ஆர்சிசி1 என்ற புரதம், ரான் என்ற இன்னொரு சிறு புரதத்தைச் செயற்படவைக்கிறது. அதனால் செயற்படும் ரான் நிறமூர்த்தங்களைச் சுற்றித்தான் செறிந்திருக்கும். இம்போட்டின் என்ற புரதம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் டிபிஎக்ஸ்2 போன்ற புரதங்களை அந்த ரான் விடுவிக்க, கதிர்நார்களை ஆக்கும் நுண்புன்குழாய்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அப்புறம் இயக்கப் புரதங்களின் முறை. கைனசின்-5 குழாய்களை எதிரெதிர்த் திசைகளில் தள்ளி நீட்டுகிறது. டைனீனும் அதற்குத் துணைநிற்கும் நூமா என்ற புரதமும் நுனிகளைச் சேர்த்து முனைகளாகக் குவிக்கின்றன. நடுமரம் நடாமல் பந்தல் போடுகிற மாதிரியான வேலை இது.

மனித முட்டையில் இந்த வேலை அடிக்கடி தடுமாறுகிறது. உயிரியலாளர் மெலினா ஷூவின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், மனித முட்டையில் கதிர்நார்கள் சேர்ந்த கதிர் உருவாகி முடிய ஏறத்தாழ 16 மணி நேரம் எடுப்பதை நுண்காட்டியில் நேரடியாகப் பார்த்தார்கள். இடையில் பல முட்டைகளில் இரண்டு முனை இருக்கவேண்டிய இடத்தில் மூன்று நான்கு முனைகள் தோன்றின. 2022இல் அதே குழு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தது. கேஐஎஃப்சி1 என்ற இயக்கப் புரதம் எலி, மாடு, பன்றி ஆகியவற்றின் முட்டைகளில் போதியளவு இருக்கிறது, மனித முட்டையில் மிகக் குறைவு. வெளியிலிருந்து அதைச் சேர்த்தபோது மனித முட்டையிலும் கதிர் உறுதியாக நின்றது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் பெரியது இதுதான். பிழை விடும் இயல்பு எந்தப் பெண்ணின் நடத்தையாலும் வந்ததல்ல. எங்கள் இனத்தின் முட்டைக்கே உரியது.

வயதின் கதை வேறு. நிறமூர்த்தங்களைச் சோடியாகப் பிணைத்து வைக்கும் கொகீசின் என்ற புரதம், பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே போடப்படுகிறது. பிறகு அது புதுப்பிக்கப்படுவதில்லை என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். வருடம் போகப்போகப் பிணைப்புத் தளர்ந்து, நிறமூர்த்தங்கள் தவறான பக்கம் போகின்றன. டவுன் சிண்ட்ரோமில் கூடுதலாக இருக்கும் 21ஆம் நிறமூர்த்தம் பெரும்பாலும் முட்டையிலிருந்து வருவது இப்படித்தான். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு நிறமூர்த்தக் கோளாறே காரணம்.

எங்கள் ஊரில் இதற்கு என்ன விளக்கம் சொல்கிறோம்? கிரகணத்தன்று வெளியில் போனவள், பாரம் தூக்கினவள், சாதகம் பொருந்தாமல் கட்டினவள். பிள்ளை தங்கவில்லை என்று ஒரு பெண் அழும்போது, பக்கத்தில் இருப்பவர்களே இதைச் சொல்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள், உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்கள் உட்பட. எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

வயதைப் பற்றிச் சொல்லும்போது கவனமாகச் சொல்லுங்கள். போரும் புலம்பெயர்வும் சீதனமும் எத்தனையோ பெண்களின் கல்யாணத்தைப் பிந்தவைத்தன. அவர்கள்மேல் இன்னொரு குற்றச்சாட்டாக இந்தப் பாடம் போய்விழக்கூடாது. நுண்புன்குழாய்ப் புரதம் ஒன்றுக்கான ரியூபிபி8 மரபணு பற்றி 2016இல் வெளியான ஆய்வையும் சேர்த்துச் சொல்லலாம். அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் முட்டையில் கதிர் சரியாக உருவாகாது, முட்டை முதிர்ச்சியடையாது. சில குடும்பங்களில் அந்த மாற்றம் மகளுக்கு வந்தது தகப்பனிடமிருந்து. தகப்பனுக்கோ ஒரு குறையும் இல்லை. பிள்ளை இல்லை என்றதும் பெண்ணின் தாய்வழியைக் கிளறுகிறவர்களுக்கு இது தெரியட்டும்.

சோதனையில் இது வராது, நேரம் போதாது என்று சிலர் நினைப்பீர்கள். பாடத்திட்டத்தை முடிக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். முழுப் பாடம் கேட்கவில்லை. வெங்காய வேர்நுனிச் செய்முறை நடக்கும் அன்று, அதே பாடவேளையில், புன்மையம் இல்லாத இன்னொரு கதிர்ப்படத்தையும் பலகையில் வரையுங்கள். ஆண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் பாடசாலைகளில் கட்டாயம் வரையுங்கள். மேலே சொன்ன புரதங்களைக் குறித்த படம் தமிழில் வேண்டுமென்றால் நான் வரைந்து தருகிறேன், எந்த வகுப்பும் இலவசமாகப் பாவிக்கலாம்.

அன்புடன்,
உங்களிடம் உயிரியல் படித்த ஒருத்தி