பேக்மேன் திரும்பாதது ஸ்டிக்கின் குற்றமில்லை

வடசேரி, நாகர்கோவில்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதிலிருந்து கடைக்குத் திரும்பி வரும் ஆர்கேட் (பழைய வீடியோ கேம்) பெட்டிகளுக்கெல்லாம் ஒரே புகார்தான். "அண்ணாச்சி, ஸ்டிக் போச்சு. பேக்மேன் திரும்ப மாட்டேங்குது." குலசேகரத்திலிருந்து ஒருவர் மழையில் தார்ப்பாய் போட்டு மூடி, ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். கழற்றிப் பார்த்தால் ஸ்டிக்கில் ஒரு குறையும் இல்லை. அவர் கொடுத்த ஆட்டோக் கூலியை நினைத்துத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். இன்னொருவருக்கு அந்தச் செலவு வரக்கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பெட்டியை அணைத்துவிட்டு ஸ்டிக்கை நேர் மேலே மெதுவாகத் தள்ளுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்து, மேலுக்கும் வலத்துக்கும் நடுவிலுள்ள மூலைக்குத் தள்ளுங்கள். இரண்டு 'டிக்' கேட்கும். எட்டுத் திசை ஸ்டிக் என்று சொல்லி விற்றாலும் உள்ளே இருப்பவை நாலே நாலு மைக்ரோ சுவிட்சுகள். மூலைக்கென்று தனி சுவிட்ச் கிடையாது. பக்கத்துப் பக்கத்து சுவிட்சுகள் இரண்டும் சேர்ந்து விழுந்தால் அதுதான் மூலை.

பேய்களிடம் அகப்படாமல் சந்துசந்தாக ஓடும் ஆட்டமான, 1980இல் வந்த பேக்மேனும், ஏணி ஏறிப் போகும் ஆட்டமான, 1981இல் வந்த டாங்கி காங்கும் நாலு திசை ஸ்டிக்கை நம்பி எழுதப்பட்டவை. ஒரு நேரத்தில் ஒரு திசைதான் வரும் என்பது அவற்றின் கணக்கு. நம் பெட்டியில் குழந்தையின் கை கொஞ்சம் சரிந்தாலே இரண்டு திசை போய்ச் சேர்கிறது. வேப்பமூடு சந்திப்பில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "வடசேரிக்கும் போ, கோட்டாறுக்கும் போ" என்று ஒரே மூச்சில் சொன்னால் ஓட்டுநர் என்ன செய்வார்? பேக்மேனும் அதைத்தான் செய்கிறது.

இதற்குப் புது ஸ்டிக் வேண்டாம். ஸ்டிக்குக்கும் ஆட்டப் போர்டுக்கும் நடுவில் விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறதே, ராஸ்பெரி பை பிக்கோ என்ற குட்டிக் கணினி, அதிலுள்ள புரோகிராமை மாற்றினால் போதும். மாற்றியும் விட்டோம். ஆனால் முதல் தடவை நாங்கள் எழுதியது தப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வைத்த விதி இது: எந்தத் திசை முதலில் வந்ததோ அதை விடாதே, அது விடுபட்ட பிறகுதான் அடுத்ததைக் கேள். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆடிப் பார்த்தால் ஒவ்வொரு திருப்பமும் பிந்திப்போனது. வலப்பக்கம் ஓடும்போது மேலே திருப்ப நினைக்கும் கை, நேரே மேலே தாவுவதில்லை. மூலை வழியாகத்தான் போகும். வலப்பக்க சுவிட்ச் விடுபடும்வரை காத்திருந்தால் சந்து கடந்துபோயிருக்கும். பேக்மேனில் இந்தச் சிறு நேரத்துக்கு மதிப்பு அதிகம். திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே ஸ்டிக்கைத் திருப்பினால் பேக்மேன் மூலையை வெட்டிக்கொண்டு போகும். பேய்களுக்கு அந்த வித்தை தெரியாது. கைதேர்ந்தவர்கள் தப்பிப்பது திரையில் கிடைக்கும் அந்தச் சில புள்ளி தூர லாபத்தில்தான். அதைப் பிடுங்கிக்கொண்ட புரோகிராம் எதற்கு?

இப்போதுள்ள விதி தலைகீழ். இரண்டு சுவிட்ச் சேர்ந்து விழுந்தால், புதிதாக வந்ததற்கே மரியாதை. வலப்பக்கம் பிடித்திருக்கும்போது மேல் சுவிட்சும் விழுந்தால் அந்தக் கணமே மேல் மட்டும் போகும். மேல் விடுபட்டு வலம் மிச்சமிருந்தால் மறுபடி வலம். பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓட்டும் மேம் என்ற மென்பொருளும் நாலு திசை ஆட்டங்களில் இப்படித்தான் செய்கிறது. 1997இல் இத்தாலிக்காரரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிவைத்தது அது. நடுவிலிருந்து நேராக மூலைக்கே தள்ளி, இரண்டும் ஒன்றாகவே விழுந்தால் எது புதியது? அங்கே மேம் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. எங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே மாதிரி தள்ளினாலும் ஒருமுறை மேலே, ஒருமுறை பக்கவாட்டில் போனால், "பெட்டி கள்ளம் பண்ணுது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. அதனால் கடைசியாகப் போனது இட வலமா என்று பார்க்கிறோம். ஆமென்றால் மேல் கீழுக்கு முதலிடம்; இல்லையென்றால் இட வலத்துக்கு. மூலைக்குத் தள்ளுகிறவர் பெரும்பாலும் திரும்பத்தானே நினைக்கிறார்!

இதிலும் ஒரு குறை உண்டு. டாங்கி காங்கில் வலப்பக்கம் ஓடும்போது கை தவறி மேல் சுவிட்சைத் தொட்டால், ஏணிக்கு நேராக இருந்தால் ஆட்டத்தின் நாயகன் ஏறத் தொடங்கிவிடுவான். சுவிட்ச் சொல்வது 'ஆம்', 'இல்லை' இரண்டே. எவ்வளவு சாய்த்தீர்கள் என்று அதற்குத் தெரியாது, எனவே புரோகிராமுக்கும் தெரியாது. பழைய ஆட்டங்களை மட்டுமே ஆடுகிறவர்கள் சொல்லுங்கள். ஸ்டிக்கின் அடியிலுள்ள சதுரத் தடுப்புத் தட்டை 45 டிகிரி திருப்பி மாட்டித் தருகிறோம். அப்போது கை தானாகவே நாலு திசைக்குள் அடங்கும். ஆனால் அதன்பின் சண்டை ஆட்டங்களை மறந்துவிட வேண்டியதுதான்.

மறக்க மாட்டோம் என்பவர்களுக்காகத்தான் பெட்டியின் அடியில், வலது ஓரத்தில் கறுப்புப் பட்டன் வைத்திருக்கிறோம். பச்சை விளக்கு எரிந்தால் நாலு திசை, நீலம் எரிந்தால் எட்டு. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடும்போது நீலத்தில் வையுங்கள். கீழ், கீழ்மூலை, முன் என்று ஸ்டிக்கைச் சுழற்றினால்தான் ரியூ என்ற சண்டைக்காரனின் கையிலிருந்து நெருப்புப் பந்து பாயும். பச்சையில் அந்தக் கீழ்மூலை போய்ச் சேராது, பந்தும் வராது. இதையும் ரிப்பேர் என்று கொண்டுவந்துவிடாதீர்கள். 1982இல் வந்த க்யூபர்ட் ஆட்டம் தனி ரகம். அதன் நாலு திசையும் மூலைகள்தான். அதற்கு மஞ்சள் விளக்கு.

கன்னியாகுமரி, முட்டம், குளச்சல் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 'டிக்' கேட்கிறது, பட்டனை மாற்றியும் பார்த்தாயிற்று, ஆனாலும் ஒரே ஒரு திசை மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது புரோகிராம் இல்லை, உப்புக்காற்று. சுவிட்சை மாற்ற வேண்டும். நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற கையோடு ஆடுவதும் ஸ்டிக்குக்கு நல்லதல்ல. நானும் அதைச் செய்கிறவன்தான்.

புதுப் புரோகிராமுக்குக் காசு கிடையாது. பெட்டி முழுவதையும் தூக்கி வர வேண்டாம். முன்னாலுள்ள நாலு ஸ்குருவைக் கழற்றி, ஸ்டிக் பலகையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வாருங்கள். கால் மணி நேர வேலை. குலசேகரத்துக்காரரின் பெட்டியை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

அன்புடன்,
கடையிலிருந்து