மொய் நோட்டில் உள்ள 64 பேருக்கும், பெயர் எழுதாமல் உதவியவர்களுக்கும்

காரைக்குடிக்கும் சுற்று வட்டாரத்து ஊர்களுக்கும் வணக்கம்.

போன நவம்பரில் மலேசியாவின் லங்காவித் தீவில் நடந்த அயர்ன்மேன் போட்டியை 16 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். 17 மணி நேரத்துக்குள் கோட்டைத் தாண்டினால்தான் முடித்ததாகக் கணக்கு. ஊர் திரும்பியதிலிருந்து கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "டீச்சர், சாதிச்சுட்டீங்க" என்கிறீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதினாறரை மணி நேரத்தில் எந்த இடத்தில் யார் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பது எனக்கல்லவா தெரியும். அதை எழுதாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரை ஏறிய கையோடு 180 கிலோமீட்டர் சைக்கிள், அதிலிருந்து இறங்கி 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சைக்கிளில் திருச்சி போய்த் திரும்பி, அப்புறம் புதுக்கோட்டை வரைக்கும் ஓடுவது. "இந்தத் தூரத்தையெல்லாம் யார் டீச்சர் முடிவு பண்ணாங்க?" என்று என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். ஹவாயில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த ஒரு கடல் நீச்சலையும், ஓஹு தீவைச் சுற்றும் சைக்கிள் பயணத்தையும், ஹொனலுலு மாரத்தானையும் 1978-ல் ஒரே நாளில் சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குப் புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அந்தத் தூரம்தான் இன்றைக்கும்.

முதலில் மொய் நோட்டு. பதிவுக் கட்டணம், விமான டிக்கெட், கோயம்புத்தூரில் பழசாக வாங்கிய சைக்கிள் என்று கூட்டிப் பார்த்தபோது என் சம்பளத்தில் இது ஆகாது என்று தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இட்லிக் கடை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்துக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார். பிள்ளையார் சுழி போட்டார். "கல்யாணத்துக்கு எழுதுறோம், காதுகுத்துக்கு எழுதுறோம், இதுக்கு எழுதப்படாதா?" என்று முதல் வரியில் தன் பெயரை எழுதி, எதிரே 51 ரூபாய் என்று போட்டு, காசை உள்ளே வைத்துக் கொடுத்தார். மூன்று வாரத்தில் 64 பெயர் சேர்ந்தது. என்னிடம் பத்து வருஷத்துக்கு முன்னால் படித்த பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினார்கள். அந்த நோட்டு என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டியது. உங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் எனக்குச் சொல்லிவிடுங்கள், தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து, தொண்டியில் இருக்கும் மீனவ அண்ணனுக்கு. சின்ன வயதில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அப்பா என்னைக் கிணற்றில் இறக்கியவர்தான். அதனால் நீச்சல் தெரியும். ஆனால் கிணற்றுக்குச் சுவர் உண்டு, கடலுக்கு இல்லையே. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதிகாலை மூன்றரைக்கு நானும் என் வீட்டுக்காரரும் தேவகோட்டை, திருவாடானை வழியாக வண்டியில் தொண்டிக்குப் போவோம். அண்ணன் தன் நாட்டுப்படகை என் பக்கத்திலேயே மெதுவாக நகர்த்திக்கொண்டு வருவார். முதல் நாள் ஒரு சொறி (ஜெல்லி மீன்) என் முழங்கையில் உரச, நான் போட்ட கூச்சலில் அவரே பயந்துபோனார். துடுப்பை நீட்டினார். "பிடிச்சுக்கங்க. மூச்சு வாங்குங்க. அது தேடி வந்து கடிக்காதும்மா, தண்ணி போற பக்கம் போகும். நீங்க விலகிக்கங்க" என்றார். நேராக நீந்தவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கரையில் ஒரு பனையைக் குறியாக வைத்துக்கொண்டு எட்டுக் கை வீச்சுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் நீரோட்டம் நம்மை அறியாமலேயே தள்ளிக்கொண்டு போய்விடும். கச்சான் காற்று ஏறுவதற்குள் கரைக்குத் திரும்பிவிடச் சொல்வார். இத்தனைக்கும் டீசல் காசைத் தவிர ஒரு ரூபாய் வாங்கியதில்லை. லங்காவியில் பனைக்குப் பதில் மிதவைகள். எட்டுக் கை, ஒரு பார்வை. ஒரு மணி 58 நிமிடத்தில் கரை ஏறினேன். 2 மணி 20 நிமிடம் வரை நேரம் இருந்தது.

கழனிவாசல் பக்கம் கடை வைத்திருக்கும் சைக்கிள் கடை அண்ணனைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. நம் பக்கத்துச் சாலையோரம் எல்லாம் சீமைக்கருவேல முள். பயிற்சிக்குப் போன முதல் மாதத்தில் ஐந்து பஞ்சர். ஒவ்வொரு முறையும் அவருக்குப் போன் போட்டேன். ஐந்தாம் முறை வந்தவர் ஒட்டிக் கொடுக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அங்க போனா நான் வர முடியாதும்மா. நீங்களே மாத்தணும்." போட்டி விதியும் அதுதான், வெளியாள் கை வைத்தால் நம்மை நீக்கிவிடுவார்கள். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் கடை மூடும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் டியூப் மாற்றச் சொல்வார். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முள்ளை விரலால் தேடாதே, ஒரு பழைய பனியன் துணியைச் சுருட்டி டயருக்குள் விட்டு ஒரு சுற்று இழு. எங்கே துணி மாட்டுகிறதோ அங்கேதான் முள். அந்தத் துணியையும் அவரே கிழித்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் பைக்குள் மடித்து வைத்தார்.

விமானத்தில் வந்த சைக்கிள் பெட்டி லங்காவியில் ஒரு மூலை நசுங்கித்தான் கைக்குக் கிடைத்தது. பின் கியரைத் தாங்கும் அலுமினியத் துண்டு வளைந்துபோயிருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். "பெட்டியில பம்ப்புக்குக் கீழ பேப்பர்ல சுத்தி ஒண்ணு வெச்சிருக்கேன், பாருங்க" என்றார். அதே துண்டு, புதிது. நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் போனில் இருந்தபடியே என் வீட்டுக்காரர் கையால் மாட்ட வைத்தார்.

போட்டி அன்றைக்கு 112-ஆவது கிலோமீட்டரில் பின் சக்கரம் தரை தட்டியது. மழை. மேட்டுச் சாலை. பழைய டியூபை உருவிவிட்டுப் பனியன் துணியை விட்டு இழுத்தேன்; முக்கால் சுற்றில் மாட்டியது. கம்பி வலையிலிருந்து பிய்ந்து வந்த ஒரு இரும்பு இழை, நகக்கண் அளவுகூட இல்லை. ஈர விரலுக்கு அது அகப்பட்டிருக்காது. அதோடு புது டியூபைப் போட்டிருந்தால் இரண்டு கிலோமீட்டரில் அதுவும் போயிருக்கும். 11 நிமிடத்தில் மறுபடி ஏறிவிட்டேன். நீச்சல் தொடங்கியதிலிருந்து சைக்கிள் முடிய 10 மணி 30 நிமிடம் வரைதான் நேரம். நான் வந்து சேர்ந்தபோது 10 மணி 16 நிமிடம் ஆகியிருந்தது. மிச்சம் 14 நிமிடம். பஞ்சர் பார்த்த நேரத்தில் என் நேரப் பதிவு போனில் வராமல் தள்ளிப்போனபோது, ஊரில் இட்லிக் கடையில் அதைச் சுற்றி நின்றவர்கள் பதற, அண்ணன் மட்டும் "பஞ்சர்தான். பத்து நிமிஷத்துல வந்துருவாங்க" என்றாராம்.

என் நாத்தனார் கட்டிக் கொடுத்த புளியோதரைக் காய்ச்சல் பற்றியும் சொல்ல வேண்டும். இனிப்பு ஜெல்லை மட்டும் நம்பி எட்டு மணி நேரம் மிதிக்க என் வயிற்றுக்கு முடியாது. அவர் காய்ச்சிக் கொடுத்ததை அங்கே சின்ன குக்கரில் வடித்த சோற்றில் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டையாக உருட்டித் தாளில் சுற்றி, பாதி வழியில் எடுத்துக்கொள்ளும் பையில் வைத்தோம். உப்பும் புளியும் நாக்கில் பட்டதும் எனக்குக் கண் கலங்கியது.

ஓட்டம்தான் என்னை உடைத்தது. அந்தப் புழுக்கத்தில் உடம்பைக் குளிர வைக்க ரத்தம் தோலுக்கும், ஓடுவதற்குக் காலுக்கும் போய்விட, வயிற்றுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். குடித்தது எதுவும் இறங்கவில்லை. 15-ஆவது கிலோமீட்டரில் சாலை ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். நன்றாக இருட்டிவிட்டது. இன்னும் 27 கிலோமீட்டர். எழுந்திருக்க எனக்கு விருப்பமே இல்லை.

அப்போது காதில் கேட்டது, குன்றக்குடியிலிருந்து பழநிக்கு 27 முறை நடந்த எங்கள் தெரு ஆச்சியின் குரல். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடும் ரத்தினவேலோடும் போகும் அந்த நடை, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நாள்கணக்கில் நீளும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஆச்சி என்னை முற்றத்தில் உட்கார வைத்து, இரண்டு பாதத்திலும் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னார்கள்: "நடக்கையில பழநியை நெனைக்கப்படாது ஆத்தா. மொதல்ல சிங்கம்புணரி வரட்டும். அங்க போயி மோரைக் குடிச்சுட்டு நத்தத்தை யோசிப்போம்." எழுபத்தாறு வயதுக் கை, என் குதிகாலை ஒரு குழந்தையின் காலைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தது.

அடுத்த தண்ணீர்ப் பந்தல் வரை நடப்போம் என்று எழுந்தேன். நடக்கும்போது வாய்விட்டே "முருகா, முருகா" என்று சொல்லியிருக்கிறேன் போல. பந்தலில் நின்ற ஒரு பெண் ஓடி வந்து, "அக்கா, தமிழா?" என்றார். சுங்கை பட்டாணியிலிருந்து தொண்டு செய்ய வந்தவர். உட்காரப் போன என்னைத் தடுத்து, "உக்காந்தா எந்திரிக்க முடியாதுக்கா, நின்னுகிட்டே குடிங்க" என்று காற்றுப் போன கோலாவை ஒரு மடக்கு, இரண்டு நிமிடம் விட்டு இன்னொரு மடக்கு, ஆரஞ்சுச் சுளையில் உப்புத் தொட்டு ஒன்று என்று கொடுத்தார். கழுத்துக்குப் பின்னால் ஐஸ் வைத்தார். அவருடைய பூட்டன் கப்பலில் வந்தவர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும், எந்த ஊரிலிருந்து என்று தெரியாது. சுற்றுப் பாதை என்பதால் நான் மறுபடியும் மறுபடியும் அவரைக் கடந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: "குடிச்சது நின்னுச்சாக்கா?" நின்றது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. கடைசிச் சுற்றில் அவர் என்னைவிடச் சத்தமாக "முருகா" என்றார். தங்கச்சி, உங்கள் பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இந்த மடல் எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

நோட்டில் இல்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குன்றக்குடிச் சாலையில் நாலரை மணி இருட்டில் நான் ஓடும்போது, நாய்கள் துரத்தாமல் இருக்கப் பால்வண்டியை எனக்குப் பின்னாலேயே மெதுவாக ஓட்டி வெளிச்சம் காட்டிய தம்பி. அவர் பாலூற்றுகிற வீடுகளில் அந்த மாதங்களில் காப்பி தாமதமானதற்கு நான்தான் காரணம். அந்த வீடுகளுக்கும் நன்றி. என் முழங்காலைச் சரிசெய்த பிசியோதெரபிஸ்ட் அம்மா. எனக்காக முதல் பீரியடைப் பார்த்துக்கொண்ட அறிவியல் டீச்சர். மைதானத்தில் உட்கார்ந்து நான் ஓடிய சுற்றுகளைப் புளியங்கொட்டை வைத்து எண்ணிய ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர். ஒரு கொட்டைகூடத் தப்பாக வைத்ததில்லை.

என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் இங்கே எழுதினால் முடியாது. வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

முடிவுக் கோட்டுக்கு முன்னால் கடைசி நூறு மீட்டர் விளக்கு வெளிச்சமாக இருந்தது. யார் யாரோ கத்தினார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. என் பாதம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பத்து விரலும் கொப்புளம் இல்லாமல் வந்து சேர்ந்தன.

பதக்கத்தை ஆச்சி வீட்டில் கொடுத்தேன். சாமி அறையில் வேலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வரும் தையில் நானும் ஆச்சியோடு குன்றக்குடியிலிருந்து நடக்கிறேன். அவர்கள் பையை இந்த முறை நான் தூக்குகிறேன் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
காரைக்குடி