அக்கரைப்பற்று போட்டோகொப்பிக் கடை நானாவுக்கும், மற்ற எல்லாருக்கும்

நேற்று, 2021 பெப்ரவரி 7ம் திகதி பின்னேரம், பொத்துவில்ல இருந்து வெளிக்கிட்ட ஊர்வலத்தோட பொலிகண்டிக்கு வந்து சேர்ந்திட்டம். அம்மாவுக்கு இன்னும் கால் வீக்கம் வத்தேல்ல, எனக்குத் தொண்டை கட்டிப்போய்க் குரலே வருகுதில்ல, ஆனா இண்டைக்கே எழுதாட்டி பிறகு எழுதமாட்டன் எண்டு தெரியும், அதால எழுதிறன். காணாமல் ஆக்கப்பட்ட என்ர அண்ணா மாதிரி ஆக்கள் எங்க எண்டு கேட்டும், சுயநிர்ணய உரிமை கேட்டும் வெளிக்கிட்டனாங்கள், மிச்சம் உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதல்ல அந்த நானாவுக்கு, அந்தக் கடை முஸ்லிம் அண்ணருக்கு.

3ம் திகதி பொத்துவில்ல தொடங்கேக்கயே நல்ல மழை. அம்மா அண்ணான்ர படத்தை ஷொப்பிங் பையில சுத்தித்தான் வைச்சிருந்தவ, ஆனா கையில தூக்கிக் காட்டாட்டி வந்து என்ன பிரயோசனம் எண்டு வெளிய எடுத்திட்டா. அக்கரைப்பற்றுக்கு வரேக்க மை கரைஞ்சு அண்ணான்ர கன்னத்தில நீலமா வழியுது. அம்மா சீலைத் தலைப்பால ஒத்தி ஒத்தித் துடைக்கிறா, துடைக்கத் துடைக்க முகம் அழியுது. நான் பேசாம நிண்டனான், என்ன சொல்லுறது.

நாங்கள் ஒதுங்கி நிண்டது ஒரு போட்டோகொப்பிக் கடை வாசல். பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. உள்ளுக்க இருந்த நானா எட்டிப் பாத்திட்டு, "போன்ல இந்தப் படம் இருக்கா? வட்சப்ல அனுப்புங்க" எண்டார். அனுப்பினன். பெரிசா பிரிண்ட் எடுத்து லமினேட் பண்ணி, நாலு மூலையையும் கத்தரிக்கோலால வளைச்சு வெட்டினார், கூரா இருந்தா கையைக் கிழிச்சிடுமாம். பிறகு மேல ரெண்டு ஓட்டை போட்டு நூல் கோத்து, "இவ்வளவு தூரமும் கையில புடிச்சா வலிக்கும்மா, கழுத்தில போட்டுக்கங்க" எண்டு அம்மான்ர கையில குடுத்தார். காசு நீட்டினம், வாங்கேல்ல. "என்ன பேரு மகன்ட?" எண்டு மட்டும் கேட்டார். அம்மா சொன்னா. அவர் ஒருக்கா அந்தப் பேரைத் திருப்பிச் சொல்லிப் பாத்தார், அவ்வளவுதான். எப்ப, எங்க, ஆரிட்டக் கையளிச்சனீங்கள், சாட்சி இருக்கோ எண்டு கமிஷன் கமிஷனா கேட்ட கேள்வி ஒண்டும் அவரிட்ட இல்ல.

வெளிய வரேக்கதான் கண்டன், ஷட்டர் கைபிடியில ஒரு வெள்ளைத் துணித்துண்டு கட்டிக் கிடக்குது. டிசம்பர்ல கொழும்பு பொறளை மயானக் கேட்டில, உடம்புகளை எரிக்கிறதுக்கு எதிராச் சனம் கட்டினதே, அது. கொரோனாவில செத்த ஆக்களைப் புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லியும் 2020 ஏப்ரல்ல இருந்து அரசாங்கம் எல்லாரையும் எரிச்சது. அவர் வீட்டிலயும் ஆரையும் எரிச்சினமோ தெரியாது, நான் கேக்கேல்ல. உடம்பு எங்க எண்டு கேட்டு நாங்கள் நடக்கிறம். உடம்பு கண்ணுக்கு முன்னால இருந்தும் மண்ணில வைக்க ஏலாம முஸ்லிம் சனம் நிண்டது. வழி முழுக்க இதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கொண்டு இருந்தது.

இன்னொண்டும் ஓடினது. 1990 ஒக்டோபர்ல யாழ்ப்பாண டவுன் முஸ்லிம் சனத்துக்கு ஊரை விட்டு வெளிக்கிட இயக்கம், புலிகள், ரெண்டு மணித்தியாலம்தான் குடுத்தது. அதே வருஷம் ஓகஸ்ட்ல காத்தான்குடிப் பள்ளிவாசல்ல தொழுதுகொண்டு நிண்ட ஆக்களைச் சுட்டது. எங்கட பக்கத்தில அதைப் பற்றி வாய் திறந்த ஆக்கள் குறைவு. அப்பிடியிருந்தும் காத்தான்குடியில சனம் றோட்டுக்கு இறங்கி எங்களோட நிண்டது. ஒருத்தரும் பழங்கணக்கு எடுக்கேல்ல. எடுத்திருந்தா எங்களிட்ட மறுமொழி இருந்திருக்குமோ?

மற்ற ஆக்களுக்கும் நன்றி சொல்லோணும், ஆர் ஆரெண்டு பேர் தெரியாது. பொலிஸ் ஊர் ஊராக் கோட்டில தடையுத்தரவு எடுக்க ஓடித் திரிய, எங்களுக்காகப் போய்ப் பேசின சட்டத்தரணி மாருக்கு. றோட்டில ஆணி போட்டுக் கிடந்தும் டயரைக் கழட்டி ஒட்டி ஒட்டி வாகனம் ஓட்டின தம்பிமாருக்கு. மழைக்க பிளேன்ரீயோட நிண்ட ஆக்களுக்கு, எல்லாரையும் ஒண்டாக் கொண்டுவந்த வேலன் சுவாமிக்கு, படுக்க மண்டபமும் பாயும் தந்த ஆக்களுக்கு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ல இருந்து கிளிநொச்சியில குந்தியிருக்கிற அம்மாமாருக்கு, நீங்கள் இல்லாட்டி என்ர அம்மா வீட்டு வாசலைத் தாண்டியிருக்கமாட்டா. முன்வரிசையில நிண்டு படம் எடுத்திட்டு அடுத்த சந்தியில வாகனம் ஏறின அரசியல் ஆக்களுக்கும் நன்றி, நீங்கள் வந்ததாலயாவது டிவிக்காரர் வந்தவங்கள்.

4ம் திகதி கொழும்பில 73வது சுதந்திர தினம் எண்டு அணிவகுப்பு நடக்க நாங்கள் கறுப்புத் துணியோட நடந்தனாங்கள். எங்களுக்குச் சுயநிர்ணய உரிமை வேணும் எண்டு எவ்வளவு சத்தமாக் கத்தினனோ அவ்வளவு சத்தமா ஜனாசாவை, முஸ்லிம் ஆக்களின்ர உடம்பை, எரிச்சதுக்கு எதிராவும் இனிக் கத்துவன், எங்க கூட்டம் வைச்சாலும் வருவன். தோட்டத்தில நாள் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேக்கிற ஆக்களோட போய் நிக்கவும்தான். புத்தளத்தில இருந்து இன்னும் முழுசாத் திரும்பி வரேலாம இருக்கிற எங்கட ஊர் முஸ்லிம் ஆக்களின்ர காணி அலுவலுக்கு என்ன செய்யலாம் எண்டு எனக்குத் தெரிஞ்ச ஆக்களோட கதைக்கப் போறன், இந்தக் கிழமையே.

அக்கரைப்பற்று ஆக்கள் ஆராவது இதைப் படிச்சா அந்த நானாவிட்ட காட்டுங்கோ, பேர் கேக்க மறந்திட்டம், மெயின் றோட்டுக் கடை. அம்மா பனங்கட்டி கட்டி வைச்சிருக்கிறா, அங்கால போற ஆரிட்டயாவது குடுத்துவிடுவம். காசு மாதிரி இதையும் திருப்பி அனுப்பினா தானே கொண்டுவந்து தருவனாம் எண்டு சொல்லச் சொன்னவ.